விஷயத்துக்கு வருவதற்கு முன்

கருங்குழியிலிருந்து மாமல்லபுரம் கடல்வரைக்கும் ரெஜினாவைப்போல் ஒரு புராஜெக்ட் எழுதியவர் இதுவரை பிறக்கவில்லை. அவள் எழுதிய தாள்களை ஒட்டிப் போட்டால் ஜி.எஸ்.டி. சாலையையே மூடிவிடலாம். சரி, சாலையை மூடாது. அவள் அப்பா ஓட்டும் கம்பெனி பஸ்ஸின் நடுவழியை மூடும், அதுவும் கொஞ்சம் இழுத்து விரித்தால். ஆனாலும் அந்தத் தாள்கள் அடித்த கூத்து சின்னக் கூத்தில்லை.

அப்பா பெயர் ஜெரோம். அவரைப் பெற்றவர்கள் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுக் காலம் கழித்தவர்கள். அவர் கருங்குழியிலிருந்து மறைமலைநகருக்கு, காருக்குப் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு, பெண்களை ஏற்றிப் போகிறார். மகள் செங்கல்பட்டில் எம்.ஏ. சமூகவியல் கடைசி வருடம். படிப்பு முடிய ஒரு புராஜெக்ட் எழுதவேண்டும், அதில் கைடு கையெழுத்துப் போடவேண்டும். குறித்த வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து விழாவிட்டால் ஒரு வருடம் போச்சு. ஜெரோமுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. மகள் எம்.ஏ. முடித்துவிட்டாள் என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் முன்கூட்டியே சொல்லி, லட்டும் கொடுத்துவிட்டார். இனி அவள் தோற்றால் லட்டைத் திரும்பக் கேட்கவா முடியும்?

புராஜெக்ட்டும் அந்த பஸ்ஸைப் பற்றித்தான். அதில் வேலைக்குப் போகிற பெண்கள் பலர், ஒரு வரிசை வேலையை மேற்பார்க்கும் லைன் லீடர் பதவி தங்களைத் தேடி வந்தும் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஏன் வேண்டாம் என்றார்கள் என்பதுதான் ரெஜினாவின் கேள்வி. டிரைவர் மகள் என்ற சலுகையில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொருவராகப் பேசவிட்டுக் கேட்டாள். கேட்டவரைக்கும் சுகமாகத்தான் போனது. எழுத உட்கார்ந்தபோதுதான் வந்தது வினை.

ரெஜினா எழுத்தைக் கற்றது பள்ளிக்கூடத்தில். ஒரு விஷயத்தை எப்படிச் சொல்வது என்று கற்றதோ சபையில், ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில். ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து நின்று சொல்வதற்குப் பெயர் சாட்சி. அதற்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் எல்லோருக்கும் ஸ்தோத்திரம். அப்புறம் போதகர் தொடங்கிப் பாய் விரித்தவர் வரைக்கும் நன்றி. அதற்கப்புறம் காய்ச்சல் வந்த நாள், அன்றைக்குப் பெய்த மழை, கிடைக்காத ஆட்டோ, ஆஸ்பத்திரியில் வெந்நீர் கொடுத்த யாரோ ஒரு அம்மா. பிழைத்தாரா இல்லையா என்பது கடைசியில்தான் வரும். பிழைத்தவரே எதிரில் நின்று பேசிக்கொண்டிருந்தாலும் சபை மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்கும்.

ரெஜினாவின் புராஜெக்ட்டும் அப்படியே நடந்து வந்தது. நன்றி முடியவே வெகுநேரம் பிடித்தது. பிறகு பனி, பஸ், தனக்குத் தக்காளிச் சாதம் கொடுத்தவர்கள். கண்டுபிடித்த விஷயம் கடைசிப் பக்கத்தின் அடியில், புதுப் பெண்ணைப்போல் ஒதுங்கி நின்றது.

கைடு ஹேமந்த் முதல் பக்கத்தில் சிவப்பு மையால் "விஷயம் எங்கே?" என்று எழுதினார். நடுப்பக்கத்தில் "இன்னும் வரவில்லை" என்றார். கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் "வருமா?" என்று கேட்டிருந்தார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கல்பாக்கம் டவுன்ஷிப்பில் வளர்ந்தவர், அப்பா விஞ்ஞானி. அந்த வீட்டில் பிள்ளைகள் சைக்கிளிலிருந்து விழுந்து வந்தால்கூட எங்கே அடி, எவ்வளவு ஆழம் என்று சொல்லிவிட்டுத்தான் அழலாம். சாப்பிட உட்கார்ந்தால் உப்பு கம்மி என்ற முடிவு சாம்பாரோடு வரும், அதற்கான காரணம் ரசத்தோடு வரும். அப்படி வளர்ந்தவர், முதல் வரியிலேயே முடிவைச் சொல்லு, பேட்டிகளை ஆளுக்கு ஒரு வரியாக வெட்டு, அப்போதுதான் கையெழுத்து என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ரெஜினா வீம்புக்காரி. எழுத்தில் வரவேண்டுமென்றால் பேச்சிலும் வரவேண்டும் என்று பழக ஆரம்பித்தாள். வீட்டுக்குள் நுழையும்போதே "சோறு வேணாம், பரோட்டா துண்ணுட்டேன்" என்றாள். அம்மா வடித்த சோற்றில் கோபமாகத் தண்ணீரை ஊற்றினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்றாள்.

"எங்க சித்தி பொழைச்சிட்டாங்க. பாம்பு கடிச்சிது, ஊசி போட்டாங்க. ஸ்தோத்திரம்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள்.

சபை திகைத்துப் போனது. பின்வரிசையிலிருந்து ஜெஸ்ஸி அத்தைதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"இன்னாடி இது, எலையப் போட்டுட்டு ஒடனே மடிக்கச் சொல்ற? பாம்பு எங்கேந்து வந்துச்சி, அத்தச் சொல்லு."

எல்லோரும் அதையே கேட்டார்கள். சித்திக்குத்தான் ரொம்ப வருத்தம். புதுப்புடவை கட்டி முன்வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தவள், நான் மயங்கி விழுந்ததைச் சொல்லவே இல்லையே என்று முணுமுணுத்தாள். ரெஜினா மறுபடி எழுந்து ஸ்தோத்திரத்திலிருந்து தொடங்கினாள். இந்தத் தடவை பாம்பு ஒரு முழம் வளர்ந்தது. சித்தியை முதுகில் சுமந்து ஓடிய பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். ஜனம் அழுதது, சிரித்தது. சொல்லிக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. ஒரு வரியில் சொன்னபோது சித்தி பிழைத்தாள், ஆனால் சுமந்துகொண்டு ஓடியவர் காணாமல் போயிருந்தார். தன் புராஜெக்ட்டிலும் அப்படி யாரையோ காணாமல் அடிக்கத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றே உட்கார்ந்து திருத்தினாள். முதல் வரியில் முடிவை வைத்தாள்: 'லீடர்களுக்கு வேறு பஸ்; பஸ் மாறினால் தோழிகளை விடவேண்டும்; அதனால் பதவி வேண்டாம் என்கிறார்கள்.' சார் கேட்டது சாருக்கு. ஆனால் பேட்டிகளில் கத்திரியே வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஹேமந்த் மாமல்லபுரத்தில், கடலோர விடுதி ஒன்றில் நடந்த கருத்தரங்கில் இருந்தார். ரெஜினா பஸ் பிடித்துப் போய், சாப்பாட்டு இடைவேளையில் அவரைப் பிடித்தாள். தட்டைச் சவுக்கு மரத்தடி மேடையில் வைத்துவிட்டு அவர் வாங்கிப் பார்த்தார். முதல் வரியில் முகம் மலர்ந்தது. தாளைப் புரட்டினார். தெய்வநாயகி என்கிற பெண்ணின் பேச்சு, கல்யாணப் புடவையிலிருந்து புருஷனின் குறட்டை வரைக்கும், பக்கம் பக்கமாக அப்படியே இருந்தது. மலர்ந்த முகம் வாடியது.

அவர் ரெஜினாவைப் பார்த்து, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததா என்று கேட்டார். சாப்பிட்டாயா என்றார். அப்பா சுகமா என்றார். கடலைப் பார்த்து, இன்றைக்குக் காற்று கொஞ்சம் அதிகம் என்றார். விடுதி வடையைப் பற்றியும் ஏதோ சொன்னார்.

"சார், விஷயத்த மொதல்ல சொல்லிடுங்க" என்றாள் ரெஜினா.

ஹேமந்த் கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். "கையெழுத்துப் போட முடியாதும்மா. நேரா சொன்னா அழுதுடுவியோன்னுதான்..."

"தெய்வநாயகி அக்காவும் அதுக்குத்தான் சார் அவ்ளோ சுத்திக்கினு வந்தாங்க. பேசிக்கினு போறதுக்காகவா பதவிய வுட்டேன்னு நான் சிரிச்சிடுவேன்னு பயம். இவ சிரிக்க மாட்டான்னு தெரிஞ்சப்புறம்தான் சொன்னாங்க. ஒத்த வரியா வெட்டுனா, எப்டி நம்பிச் சொன்னாங்கன்றதே போயிடும் சார். ஒரு தபா முழுசா படிச்சிட்டு வேணாம்னு சொல்லுங்க, போயிட்றேன்."

அவர் தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தார். மேடையில் உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார். கல்யாணப் புடவை வந்தது. குறட்டைக்குச் சிரித்தார். மாமியாரின் முழங்கால் வலி வந்தது, பரனூர் சுங்கச்சாவடி வந்தது. ஒரு காக்கை வந்து வடையைத் தூக்கிப்போனது, அவருக்குத் தெரியவில்லை. உள்ளே கருத்தரங்கு மறுபடி ஆரம்பித்துவிட்டது, அதுவும் தெரியவில்லை. கடைசியில் தொழிற்சாலை வாசல் வந்து, தெய்வநாயகி படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிச் சொன்னதும் வந்தது: "லீடருங்க வேற வண்டில போறாங்க கண்ணு. நான் வாய் தொறந்து சிரிக்கிறது இந்த வண்டில மட்டும்தான்."

அதைப் படித்ததும் ஹேமந்த் விம்மி விம்மி அழுதார். வெளிநாட்டுக்காரர்களெல்லாம் சிற்பங்களை விட்டுவிட்டு ஓடிவந்து சுற்றி நின்றார்கள். கண்ணீரிலேயே பேனாவைத் தோய்த்துக் கையெழுத்துப் போட்டார்.

"அவரு ஒண்ணும் அழல, கூட்டமும் கூடல" என்றாள், நான் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ரெஜினா. "அந்தக் கடைசிப் பக்கத்த இன்னொரு தபா படிச்சாரு. அப்புறம் என் பேனாவ வாங்கித்தான் போட்டாரு. அதுலயும் தேதியத் தப்பா போட்டுட்டாரு. சார், இன்னிக்கிதான் கடைசி நாளுன்னு நான் சொல்லி, அடிச்சித் திருத்த வச்சேன்."