அஞ்சலைக்குச் சொன்ன கீரை

கர்ப்பிணிகளைக் கீரை தின்னச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கியவள் நான். அடுத்த வீட்டு மருமகளுக்காகப் பரிந்து பேசி, அவள் மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால் என் பாடு புரியும்.

கொல்லை முருங்கை

1950களின் கடைசியில் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி, மண்ணச்சநல்லூர்ப் பக்கம் வீடு வீடாகப் போவேன். அங்கே ஒரு வீட்டு மருமகள் அஞ்சலைக்கு அப்போது ஆறாம் மாதம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. சத்து மாத்திரை எங்கள் பக்கம் எப்போதாவதுதான் வரும். அதனால் முருங்கைக்கீரை, கேழ்வரகு, வெல்லம், முடிந்தால் ஆட்டு ஈரல் என்று மாமியாரிடம் அடுக்கினேன். அந்த அம்மாள் கொல்லையைக் காட்டினாள்.

"மரம் நிறைய முருங்கை கெடக்கு. இதச் சொல்லவா கவர்மென்ட்டு உங்கள பஸ் ஏத்தி அனுப்புது?"

வாய் நிறைய அரிசி

அஞ்சலை அரிசி மில்லில் புடைக்கும் வேலைக்குப் போனாள். அடுத்த முறை அங்கேயே பார்த்தேன். வாய் நிறைய அரிசியை மென்றுகொண்டிருந்தாள். ரத்தம் குறைந்த பெண்களுக்கு இப்படித்தான் அரிசி, மண், சாம்பல் என்று நாக்கு அலையும். துப்பச் சொன்னேன். பக்கத்தில் புடைத்தவளோ சிரித்தாள்.

"மாசமா இருக்கறவ வாய் சும்மா இருக்குமாங்க?"

ஞாயிற்றுக்கிழமை ஈரல்

அவள் கணவன் முருகேசனைத் தனியாக நிறுத்தி, பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் இவள் தாங்கமாட்டாள் என்று உள்ளதைச் சொன்னேன். ஆள் பயந்துவிட்டான். ஞாயிறு தவறாமல் ஈரல் வந்தது, தினம் கீரை வெந்தது. எனக்கு ஒரே பெருமை.

எட்டாம் மாதமும் இமை வெளுத்தே இருந்தது. "ஈரல் வறுவல் அருமைங்க நர்ஸம்மா, எங்கப்பா கேட்டு வாங்கிச் சாப்பிடறாரு" என்றான் முருகேசன். பகீரென்றது. அந்த வீட்டில் ஆண்கள், அப்புறம் பிள்ளைகள், அப்புறம் மாமியார், எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் மருமகள். அடுப்படிக்குப் போய், "நீ சாப்பிட்டியா?" என்று அவளையே கேட்டேன்.

"உப்புப் பாத்தேங்க."

மில் லாரி

அவளுக்கு முதலில் எடுத்து வையுங்கள் என்று சண்டையே போட்டேன். ஆம்பளைகள் சாப்பிடும் முன் சட்டியில் கைவைக்கும் வழக்கம் இல்லை என்று மாமியார் முடித்துவிட்டாள்.

குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. உதிரம் நிற்கவில்லை. வேறொருத்தி என்றால் தாங்கியிருப்பாள். மில் லாரியில் போட்டுத் திருச்சி ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். கொள்ளிடம் பாலத்தின்மேல், என் மடியிலேயே அஞ்சலையின் மூச்சு அடங்கியது. வாய்விட்டு அழுதேன். மாமியாரும் மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த அழுகையில் நடிப்பில்லை.

"நீங்க சொன்ன ஒண்ணையும் விடலையே நர்ஸம்மா, கீரை ஆக்காத நாளே இல்லையே!"

அவள் சொன்னது பொய்யில்லை; என் வைத்தியத்தில் அந்த வீட்டில் அஞ்சலையைத் தவிர எல்லோருக்கும் ரத்தம் நன்றாகவே ஊறியிருந்தது.