டீச்சர் கிடாரின் பச்சை

கிடாரைத் தள்ளிவிட்டது நான்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் இன்னும் சிலர், அது ஃபேன் காற்றில் விழுந்துவிட்டது என்று நல்ல மனதோடு சொல்லிக்கொண்டு திரிகிறார்கள்.

ஆராதனை முடிந்ததும் இரும்பு நாற்காலிகளை மடக்கி அடுக்குவது என் ஊழியம். அன்றைக்கு ஆறு நாற்காலியை ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு திரும்பினேன். ஒன்றின் கால், ஸ்டாண்டில் நின்ற கிடாரில் இடித்தது. அது சாய்ந்து விழுந்ததில் ஓரத்தில் பாதி அப்பளம் அளவுக்குப் பெயிண்ட் பொடிப்பொடியாகக் கொட்டி, வெறும் மரம் தெரிந்தது.

அது டீச்சருடைய கிடார். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு பேண்டில் வாசித்திருக்கிறார். கிடார் வெளிநாட்டு எலக்ட்ரிக் கிடார், என்னைவிட வயதில் மூத்தது. கரையோரம் ஆழமில்லாத கடலுக்கு ஒரு பச்சை இருக்குமே, அந்த நிறம்.

டீச்சர் திட்டவில்லை. "விடுங்க தம்பி, மரம்தானே" என்றார். ஆனால் அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு வந்து பெண்கள் வரிசையில் உட்கார்ந்தார். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. கீபோர்டு மட்டும் தனியாகப் பாடுபட்டது. அறுப்பின் பண்டிகைக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

"ஊர்ல உள்ள கார் எல்லாத்துக்கும் பெயிண்ட் அடிக்கிய. இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியளா?" என்றாள் என் மனைவி.

பிழைக்க வந்த இந்த மராட்டி ஊரில், போசரி பக்கம் எனக்கு ஒரு கார் பெயிண்டிங் ஷெட் உண்டு. எட்டாவதோடு படிப்பை விட்டவன், வண்டியில் கீறல் எங்கே இருந்தது என்று தெரியாமல் செய்துவிடுவேன் என்று கொஞ்சம் பெருமையும் உண்டு. டீச்சர் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"ரெண்டு கடையில விசாரிச்சேன்" என்றார் அவர். "முழுசா சுரண்டிட்டுப் புதுசா அடிச்சுத் தர்றோம்னாங்க. அப்புறம் அது வேற யாரோட கிடாரோ ஆயிடும். உரிஞ்ச இடத்தை மட்டும் செய்வீங்களா? பக்கத்துல பழைய பெயிண்ட் மேல ஒரு நூல் அகலம்கூட ஏறக் கூடாது. கார் பெயிண்டும் ஆகாது. அந்தக் காலத்துல மரத்துக்கு அடிச்ச லாக்கர் வார்னிஷ்தான் வேணும்."

"செய்றேன் டீச்சர்."

"சரியா வரலன்னா?"

"ஜெபம் பண்ணிக்கோங்க டீச்சர்" என்றேன். அவர் சிரித்துவிட்டுக் கிடார் பெட்டியை எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம். பழைய காருக்கு நிறம் சேர்க்க வேண்டுமானால் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து உள்பக்கத்தைப் பார்ப்போம். வெயில் படாத இடம், கம்பெனி அடித்த அசல் நிறம் அங்கே அப்படியே இருக்கும். கிடாரின் முகத்தில் வெள்ளை பிளாஸ்டிக் தகடு ஒன்று இருந்தது. அதுதான் இதற்கு டேங்க் மூடி என்று நினைத்துக் கழற்றினேன். அடியில் பார்த்தால் பச்சையே இல்லை. பளிச்சென்று நீலம்.

சரி, இதுதான் அசல் என்று அந்த நீலத்தையே கலந்தேன். மரச்சாமான் பாலிஷ் போடுகிறவர்களிடம் பழைய வகை லாக்கர் வாங்கினேன். சுற்றிலும் டேப் ஒட்டி, கண்ணை மூடி ஒரு ஜெபம் செய்து, லேசாக லேசாக நீலத்தை அடித்து, அதன் மேல் நிறமில்லாத லாக்கரையும் அடித்தேன். காய்ந்ததும் டேப்பை உரித்தேன்.

பச்சைப் புடவையில் நீலத்துணி ஒட்டுப்போட்ட மாதிரி இருந்தது.

மத்தியானச் சாப்பாடு கொண்டுவந்த என் மனைவி ரொம்ப நேரம் பார்த்தாள். "நல்லாதான் இருக்கு. ஆனா கடைசி பெஞ்சுல இருந்தே தெரியும்" என்றாள். ஆறு நாற்காலியைத் தூக்கச் சொல்லி ஆண்டவர் என்னிடம் கேட்கவில்லை. அந்தப் பெருமைக்குத்தான் இது என்று தோன்றியது.

தின்னர் ஊற்றித் துடைத்தால் பக்கத்துப் பழைய பெயிண்டும் கரைந்துவிடும். அதனால் தண்ணீர் தொட்டு, நைஸான உப்புத்தாளால் என் நீலத்தைத் தேய்த்து எடுக்க ஆரம்பித்தேன். கை கொஞ்சம் தவறி, பழைய பெயிண்டின் விளிம்பில் ஒரு மயிரிழை உரசிவிட்டது. துணியால் ஒற்றிப் பார்த்தேன். வழிந்த தண்ணீர் டீ மாதிரி மஞ்சளாக இருந்தது. உரசின இடத்தில் நீலம் எட்டிப் பார்த்தது.

அப்போதுதான் மண்டையில் ஏறியது. பச்சை என்று ஒரு பெயிண்ட் இந்தக் கிடாரில் என்றைக்குமே கிடையாது. அடியில் நீலம், அதன் மேல் கண்ணாடி மாதிரி லாக்கர். அந்த லாக்கர் வருஷக்கணக்கில் வெளிச்சம் பட்டுப் பழுத்து மஞ்சளாகிவிட்டது. மஞ்சளுக்குள்ளே நீலத்தைப் பார்க்கிற நம் கண்தான் பச்சை என்கிறது. என் நீலம் சரிதான். அதன் மேல் புது லாக்கரைத் தண்ணீர் போலத் தெளிவாக அடித்ததுதான் தப்பு. வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். பக்கத்து ஷெட்டில் வெல்டிங் போட்டுக்கொண்டிருந்த மராட்டிக்காரர் கண்ணாடியைத் தூக்கி, "க்யா ஹுவா அண்ணா?" என்று என்ன ஆச்சென்று விசாரித்தார்.

அதன்பின் ஒட்டுப்பலகைத் துண்டுகளில் நீலம் அடித்து, அதன் மேல் மஞ்சளும் துளி காப்பிநிறமும் கலந்த லாக்கரை ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட் என்று ஏற்றிப் பார்த்தேன். டியூப் லைட்டில் பொருந்தினது வெயிலில் பொருந்தவில்லை. துண்டுகளைத் தூக்கிக்கொண்டு ஷெட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன்.

"குழம்புல உப்பு இருக்கான்னு ஒரு நாள் இப்படிப் பாத்திருக்கியளா?" என்றாள் மனைவி.

பதினோராவது துண்டு இரண்டு வெளிச்சத்திலும் நின்றது. கிடாரில் தேய்ந்த நீலத்தைச் சரிசெய்து, மேலே அதே கலவையை ஏற்றி, ஒரு வாரம் காயவிட்டு, கை வலிக்கப் பாலிஷ் போட்டேன்.

பண்டிகையன்று காலையில், ஆராதனைக்கு முன்னால் டீச்சர் என்னிடமிருந்து கிடாரை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டார். இப்படிச் சாய்த்தார், அப்படிச் சாய்த்தார். நான் பரீட்சைப் பேப்பர் வாங்கப்போகிறவன் போல நின்றேன்.

"தம்பி, இந்தச் சாய்வுல பாத்தா லேசா ஒரு கோடு தெரியுது."

"தெரியும் டீச்சர். அந்த விளிம்பு மட்டும் எனக்கு அடங்கல."

"நிறம்?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டு விரலால் தடவினார். "நிறம் என்னோடதுதான். தொண்ணூத்தெட்டு போடலாம்."

"அந்த ரெண்டு மார்க்?"

"அது நீங்க தூக்கின நாற்காலிக்கு."

வயரைச் செருகி, சுருதி சேர்த்து, முதல் பாட்டுக்கே எழுந்து நின்றார். மூன்றாம் சரணத்தில் விரல் மெல்லிய கம்பிகளுக்கு ஏறி, எந்தக் கீர்த்தனைப் புத்தகத்திலும் இல்லாத ஒரு துள்ளலை உருட்டிவிட்டது. பேண்டில் வாசித்த காலத்தது போலிருக்கிறது. போதகர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார். பெண்கள் வரிசை முந்தானையால் வாயை மூடிக்கொண்டது. நாலாம் சரணத்தை எங்கே எடுப்பது என்று சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆளுக்கொரு இடத்தில் எடுத்தோம்.