தொட்டிக்கும் ஒரு பொட்டு

முகப்பேர் நர்சரியில் யாரோ தாமரைத் தொட்டியைக் கிளற, எழுந்த சேற்று வாடை என்னை ஆவடி குவார்ட்டர்ஸின் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது.

துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு சிமெண்ட் தொட்டி; ஃபேக்டரி சங்கு ஊதி, அப்பாவின் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும், அம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையை முழங்கை வரை சேற்றில் விட்டு, பழுத்த இலைகளைக் கிள்ளி, தாமரைக் கிழங்கைச் சுற்றிக் களிமண்ணை அமுக்கிவிடுவாள்.

"இன்னாம்மா, கொசு வளத்துகினு கீறியா?" என்று பால்காரம்மா சிரிப்பாள்.

வருஷக்கணக்கில் இலைதான் வந்தது. பிறகு ஒரே ஒரு மொட்டு, சரியாக ஆயுத பூஜை சமயத்தில்.

"என் லேத் மெஷினுக்கு வைக்கிறேன், குடு" என்றார் அப்பா.

"உங்க லேத்துக்குக் கண்ணா இருக்கு? பூமேல கை வெச்சீங்க, அவ்ளோதான்."

பூஜையன்று காலையில் அப்பா சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார். அம்மா பதறிப்போய்ப் பின்பக்கம் ஓடினாள், பின்னாலேயே நானும். பூ அப்படியே விரிந்திருந்தது. தொட்டி விளிம்பில் மட்டும், மெஷினுக்கு வைப்பதுபோல, ஈரம் காயாத சந்தனமும் குங்குமமும்.

இப்போது அந்த குவார்ட்டர்ஸே இல்லை, இடித்துவிட்டார்கள். நாங்கள் காலிசெய்யும்வரை அம்மா அந்தத் தொட்டியை எத்தனையோ முறை தேய்த்துக் கழுவியிருக்கிறாள். அந்த ஓரத்தில் மட்டும் அவள் தேங்காய் நார் பட்டதே இல்லை.