பாராட்டினால் பயப்படுகிறார்கள்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், காருக்கான பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. பல வருடம் மெஷினில் நின்றவளைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். சட்டையின் நிறம் மாறியது. குரல் ஏற்கெனவே பெரியதுதான் என்பதால் வேறு தகுதி எதையும் யாரும் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் மேலிடத்திலிருந்து வந்தவர்கள், ‘லைனில் கத்தல் அதிகம்’ என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். உடனே அவர் என்னைத் தலைமைப் பண்புப் பயிற்சிக்கு அனுப்பினார்.

நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் ஏசி ஹால். பல கம்பெனிகளிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தோம். கோட்டுப் போட்ட இளைஞர் ஒருவர் பாடம் நடத்தினார். கண்ணை மூடிப் பின்பக்கமாகச் சாய வேண்டும், ஜோடியாக நிற்பவர் தாங்கிப் பிடிக்க வேண்டும், அதுதான் நம்பிக்கை என்றார். எனக்கு ஜோடியாக வாய்த்தவர் இரும்பு ஆலை ஃபோர்மேன், ஆள் நல்ல பருமன். என் காதருகே குனிந்து, “நான் சாஞ்சா நீ ஆஸ்பத்திரிக்குத்தாம்மா போவணும். சாஞ்சுட்டோம்னு சொல்லிக்கலாமா?” என்றார். சொல்லிக்கொண்டோம். அந்த ஹாலில் உண்மையாக ஒருவரை ஒருவர் நம்பிய ஜோடி நாங்கள்தான்.

குறை சொல்வதற்கும் ஒரு முறை இருந்தது. முதலில் பாராட்டு, நடுவில் குறை, கடைசியில் மறுபடியும் பாராட்டு. எனக்கு அது பிடித்திருந்தது.

திங்கட்கிழமை காலை லைனுக்குப் போனேன். அச்சிலிருந்து வரும் பாகங்களின் ஓரத்தில் நிற்கும் பிசிறைச் சீவித் தள்ளும் அக்கா, என்னைவிட வயதில் மூத்தவர். அன்றைக்கு ஒரு பாகத்தில் பிசிறு விட்டிருந்தார். வழக்கமாக, “இன்னாக்கா, கண்ண ஊட்லயே வச்சிட்டு வந்துட்டியா?” என்பேன். அன்று புன்னகைத்தேன்.

“அக்கா, உங்க வேலை எப்பவுமே நீட்டா இருக்கும். இந்த ஓரத்துல மட்டும் கொஞ்சம் பிசிறு நிக்குது. மத்தபடி நீங்க கம்பெனிக்குப் பெரிய சொத்து.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“இன்னாமா ஆச்சு?”

“ஒண்ணுமில்லக்கா. சும்மா சொன்னேன்.”

“சும்மா யாராச்சும் இப்டி சொல்லுவாங்களா?” என்றவர், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பாத்ரூம் பக்கம் போய்விட்டார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் கம்பெனியில் நல்ல வார்த்தை என்பது வழியனுப்பும்போது சொல்வது. முன்பு ஒருமுறை கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தியபோது எச்.ஆர். அதிகாரி அவர்களை அப்படிப் புகழ்ந்தார். அதைக் கேட்டவர்களுக்கெல்லாம், இவ்வளவு நல்லவர்களை ஏன் அனுப்புகிறார்கள் என்று குழப்பமாக இருந்தது.

டீ நேரத்துக்குள் செய்தி பேக்கிங் வரை போய்விட்டது. “கம்பெனிய ஆந்திரா பக்கம் தூக்கினு போறாங்களாம். ஆளக் கழிக்கறதுக்குத்தான் சூப்பர்வைசருக்கு ட்ரெய்னிங்கே.” மதியம் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. வேலை போகாமலிருந்தால் பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று ஒருத்தி வேண்டிக்கொண்டாள். கைகள் மந்தமாகிவிட்டன. சீவாத பாகங்கள் மேஜையில் குவிந்தன.

மேனேஜரிடம் ஓடினேன்.

“சார், ஆளுங்க பயந்துபோய்க் கெடக்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க.”

அவர் என்னைவிடப் பெரிய பயிற்சிக்குப் போய்வந்தவர். லேப்டாப்பை மூடி வைத்தார். “இதை நீங்க எப்படிப் பாக்கறீங்க?” என்றார்.

“பயப்படறாங்க சார்.”

“அவங்க பயப்படறது உங்களுக்குள்ள என்ன உணர்வைத் தருது?”

நானும் பயிற்சியில் கற்றுக்கொண்டபடி அவர் கண்ணைப் பார்த்துத் தலையாட்டினேன். ஒருவரை ஒருவர் மிக நன்றாகக் கவனித்தோம். முடிவெடுக்கத்தான் அந்த அறையில் ஆள் இல்லை.

கடைசியில் எச்.ஆர். அதிகாரி யோசனை சொன்னார். எல்லோருக்கும் நன்றி சொல்லி ஆளுக்கொரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தால் மனசு தெம்பாகிவிடுமாம். கொடுத்தோம். அதுவரை சந்தேகப்பட்டவர்களும் அதோடு வேலை போகப்போகிறது என்று உறுதிசெய்துகொண்டார்கள். பெட்டியைக் கையில் வாங்கிய பிசிறு அக்கா, “கடசி நாளு என்னிக்குன்னாவது சொல்லிடுமா” என்று அழுதார்.

அந்த நேரத்தில் லாரிக்குச் சரக்கு போதவில்லை என்று போன் வந்திருக்கிறது. மேனேஜர் படியிறங்கி ஓடிவந்தார். பயிற்சி மறந்துபோய், பழைய குரல் வந்துவிட்டது.

“இன்னா பண்ணிக்கினு கீறீங்க எல்லாரும்? ஞாயித்துக்கெழம எல்லாரும் வந்தாவணும்! லீவுன்னு ஒருத்தரும் எங்கிட்ட வராதீங்க!”

உடனே எல்லாப் பக்கமும் சத்தம்.

“ஞாயித்துக்கெழமயுமா? ஊட்ல விசேஷம் சார்!”

“ஒரே பேஜாரா கீதுப்பா இந்தக் கம்பெனியோட!”

திட்டத் திட்ட முகங்கள் தெளிந்தன. மூடப்போகிற கம்பெனி ஞாயிற்றுக்கிழமை ஆள் கூப்பிடாது அல்லவா? கத்திகள் வேகமாக ஓடத் தொடங்கின. ஸ்வீட் பெட்டிகளை அங்கேயே பிரித்துத் தின்று தீர்த்தார்கள்.

அடுத்த கூட்டத்தில், திறந்த மனதோடு பேசியதால் நெருக்கடி தீர்ந்தது என்றார் மேனேஜர். இனிப்பின் பங்கை எச்.ஆர். நினைவூட்டினார். எல்லோரும் கைதட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் பிசிறு அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் டப்பாவிலிருந்து மீன் குழம்பை என் சோற்றில் ஊற்றினார்.

“அன்னிக்கி என் வேல நீட்டா இருக்கும்னியே, அது நெசமாம்மா?”

“நெசந்தான்க்கா.”

குனிந்து சாப்பிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, “இத யார் முன்னாலயும் சொல்லாத. மத்ததுங்க பயந்துக்கும்” என்றார்.

அதிலிருந்து யாரையாவது பாராட்ட வேண்டுமானால் கேட்டுக்கு வெளியே, பஸ் ஏறும் இடத்தில் வைத்துத்தான் சொல்கிறேன். உள்ளே வழக்கம்போல் கத்துகிறேன். லைன் நன்றாக ஓடுகிறது. மேலிடத்திலிருந்து ஆட்கள் வரும் நாளில் மட்டும் புன்னகைப்பேன். அன்றைக்கு முன்கூட்டியே எல்லோரிடமும் போய், “பயப்படாதீங்க, இன்னிக்கி மட்டுந்தான்” என்று சொல்லிவிடுகிறேன்.