கீழ் ஹோஸுக்குள் இருந்த ஸ்பிரிங்

காலையில் இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டரின் மேல்பக்கம் சேரும் ரப்பர் ஹோஸின் மீது கையை வைத்துக்கொண்டு நிற்பது எனக்குப் பிடிக்கும். ஐந்தாறு நிமிடம் ஒன்றும் நடக்காது. இன்ஜின் சூடாகிக்கொண்டிருக்கும், ஹோஸ் ஜில்லென்றே இருக்கும். பிறகு உள்ளே தெர்மோஸ்டாட் திறக்கும். அடுத்த நொடி வெந்நீர் உள்ளங்கைக்கு அடியில் ஓடிவரும். முப்பது வருடமாக வண்டி வேலை பார்க்கிறேன். யாரும் தொடாமலே ஒரு சின்னக் கதவு சரியான நேரத்தில் திறந்துகொள்ளும் அந்த நொடியில் எனக்கு இன்னும் புல்லரிக்கிறது.

எனக்கென்று ஷெட் கிடையாது. மந்தைவெளியில் குடியிருக்கிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் கூப்பிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போவேன். நாலு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஓயாமல் பேச வேண்டும். எனக்கு அது வராது. பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள்.

அப்படிப் போகும் வீடுகளில் அபிராமபுரத்து அம்மா வீடும் ஒன்று. எழுபதைத் தாண்டியவர், தனியாக இருக்கிறார். அறுபது வயதுச் சின்னக் கார் ஒன்று வைத்திருக்கிறார், அவரே ஓட்டுவார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் அடையாறு பாலம் தாண்டி பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் நடந்துவிட்டு வருவார். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அது பிடிக்கவில்லை. நடுரோட்டில் நின்றால் என்ன செய்வாய் என்று போனில் ஒவ்வொரு வாரமும் சண்டை. சண்டை தாங்காமல் அவர் மகனுக்கு ஒரு வாக்குக் கொடுத்துவிட்டார்: இன்னொரு தடவை வண்டி வழியில் நின்றால் விற்றுவிடுவது.

நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் ஹோஸ்களை எல்லாம் மாற்றச் சொல்லி என்னைக் கூப்பிட்டார். அமுக்கிப் பார்த்தேன். மேல் ஹோஸ் இறுகிக் கல்லாக இருந்தது. கீழ் ஹோஸ் ஊறி, முனையில் உப்பியிருந்தது. பிடித்து இழுத்தால் ரேடியேட்டரின் பித்தளை வாய் பிய்ந்துவிடும் என்பதால் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்தேன்.

அந்த வண்டிக்கான ஹோஸ் இப்போது வருவதில்லை. கடையில் நின்று விளக்கிச் சொல்வதும் எனக்குக் கஷ்டம். ஒரு கட்டுக்கம்பியை எடுத்து, பழைய ஹோஸ் எப்படி வளைகிறதோ அப்படியே வளைத்து, உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டைக்குக் கொண்டுபோவேன். ஹோஸ் கடை பாய் அந்தக் கம்பியை வாங்கி, மேலே தொங்குகிறவற்றை ஒவ்வொன்றாக அதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். ஏதோ ஒரு வேனுடைய ஹோஸ் ஒத்துவரும். முனையில் இரண்டு அங்குலம் வெட்டினால் நம் வண்டிக்கு ஆயிற்று.

கீறிய கீழ் ஹோஸுக்குள் துருப்பிடித்த ஸ்பிரிங் ஒன்று நீளமாகக் கிடந்தது. வெளியே எடுத்ததும் இரண்டாக உடைந்தது. நான் வேலை பார்த்த வண்டி எதிலும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பழைய வண்டிகளில் கண்டதும் இருக்கும். அவசரத்துக்குச் சைக்கிள் டியூப்பைச் சுற்றியிருப்பார்கள், கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பியை முறுக்கியிருப்பார்கள். இதுவும் யாரோ ஒரு மெக்கானிக் திணித்த ஒட்டுவேலை என்று நினைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். புது ஹோஸுக்குச் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றி, கிளிப்பை முறுக்கி, கூலண்ட் தண்ணீர் ஊற்றி அரைமணி நேரம் ஓடவிட்டேன். ஒரு சொட்டுக் கசியவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அடையாறு பாலத்தின் மேல் வண்டி கொதித்து நின்றுவிட்டது.

நான் போனபோது இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டிருந்தார்கள்.

"வாப்பா. ஹோஸ் புதுசாயிடுத்து, வண்டி போயிடுத்து" என்றார் அந்த அம்மா. "புள்ளை ஆளைப் பிடிச்சுட்டான், நாயித்துக்கெழமை வண்டியைப் பாக்க வரானாம். வேளச்சேரில எவனோ காபிக் கடை தொறக்கறானாம். இன்ஜினைப் பிடுங்கிட்டு வாசல்ல நிறுத்தி வெப்பானாம். வரவா எல்லாம் சாஞ்சுண்டு போட்டோ எடுத்துப்பாளாம்."

"நான் ஒருவாட்டி பாக்கறம்மா."

"பாரேன். பாத்து என்ன ஆகப்போறது? வாக்கு குடுத்தாச்சு."

ஓடவிட்டுப் பார்த்தேன். இருபது நிமிடம் ஆகியும் சூடு காட்டும் முள் நடுவிலேயே நின்றது. தெர்மோஸ்டாட் சரி, ஃபேன் பெல்ட் சரி, ரேடியேட்டரில் அடைப்பு இல்லை. சாதாரணமாக நெரிசலில் நின்றால் கொதிக்கும், ஓடினால் அடங்கும். இது தலைகீழாக இருந்தது. நின்றால் ஒன்றுமில்லை, வேகமாக ஓடினால் கொதிக்கிறது. அப்படியானால் இங்கேயே வேகத்தைக் கூட்டிப் பார்ப்போம் என்று, பானெட்டுக்குள் குனிந்தபடியே ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் இழுத்தேன்.

இன்ஜின் உறுமியது. கீழ் ஹோஸ் தானாகச் சப்பிப்போனது.

கம்பியை விட்டேன். ஹோஸ் மெல்ல உருண்டு பழையபடி ஆனது. மறுபடி இழுத்தேன். காலி பால் பாக்கெட்டைப்போல இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. யார் கையும் அதன்மேல் இல்லை. அந்த ஹோஸின் மறுமுனையில் இருக்கும் பம்ப் இன்ஜினுக்குள் தண்ணீரைத் தள்ளுகிறது என்று மட்டும்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். தள்ளுவதற்கு முன் அது உறிஞ்சவும் செய்கிறது. தன் தொண்டையையே அடைத்துக்கொள்ளும் அளவுக்கு உறிஞ்சுகிறது. முதல் இரண்டு வாரம் புது ரப்பர் விறைப்பாக இருந்து தாங்கியிருக்கும், சூட்டில் இளகியதும் சப்பிவிட்டது. எத்தனை தடவை இழுத்து விட்டேன் என்று தெரியாது. வந்த வேலையே மறந்துபோயிற்று.

அந்த ஸ்பிரிங் ஒட்டுவேலை இல்லை. இந்த வண்டியைச் செய்தவர்களில் ஒருவர் இது நடக்கும் என்று முன்பே யோசித்திருக்கிறார். யார் கண்ணிலும் படாத இடத்தில் அதை வைத்திருக்கிறார். தண்ணீருக்குள்ளேயே கிடந்து, துருப்பிடித்தும்கூட, அது வழியை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் நான் குப்பையில் போட்டேன்.

சனிக்கிழமை புதுப்பேட்டைக்குப் போனேன்.

"பாய், கீழ் ஹோஸ் உள்ள போடற ஸ்பிரிங் கீதா?"

"கீது நைனா. ஹோஸ் வாங்கசொல்ல வாயத் தொறந்து கேக்க வேண்டியதுதான? பழ்சுல இருந்திருக்குமே, இன்னா பண்ண?"

"தூக்கிப் போட்டுட்டன்."

பாய் பக்கத்துக் கடைக்கும் கேட்கும்படி கத்தினார். "கேட்டியா மச்சி! எலும்ப எறிஞ்சிட்டு தோல மட்டும் மாட்டிக்கினு வந்து நிக்கிறாரு!"

தலையைக் குனிந்தபடி வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் சத்தமில்லாமல் அதை மாட்டிவிட்டு வந்தால் ஒன்றும் மாறாது என்று பஸ்ஸில்தான் உறைத்தது. வண்டி ஓடும், ஆனால் வாக்குப்படி போய்விடும். நின்றது வண்டியின் குற்றம் என்றுதானே அந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறு காலை நான் போனபோது காபிக் கடைக்காரர் டேப்பைப் பிடித்து வண்டியின் நீளத்தை அளந்துகொண்டிருந்தார். நான் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டேன்.

"பிரதர், இன்ஜின் நமக்கு வேணாம். சும்மா கஷ்டப்படாதீங்க" என்றார் அவர்.

"அம்மா, இங்க கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன்.

அவர் வந்து குனிந்தார். கம்பியை இழுத்தேன்.

"ஐயய்யோ, இது என்ன, உள்ள வாங்கிக்கறது!"

"வண்டி மேல தப்பு இல்லம்மா" என்றேன். காது இரண்டும் கொதித்தன. "இதுக்குள்ள ஒரு ஸ்பிரிங் இருந்துச்சு. நான்தான் குப்பைன்னு தூக்கிப் போட்டுட்டன். அதனாலதான் பாலத்துல நின்னுச்சு."

அவர் ஹோஸின் பக்கம் இன்னும் குனிந்தார். பிறகு, "இன்னொரு தரம் பண்ணு" என்றார். பண்ணினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மூன்று தடவை பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து காபிக் கடைக்காரரிடம், "நீங்க கெளம்புங்கோ" என்றார்.

"மேடம், உங்க சன்கிட்ட பேசி முடிச்சாச்சே!"

"வண்டி நின்னா குடுக்கறேன்னு சொன்னேன். வண்டி எங்க நின்னுது? இவன்னா நிறுத்தியிருக்கான்!" என்னைத் திரும்பிப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல நீ சேந்தாப்ல நாலு வார்த்தை பேசி இன்னிக்குத்தான் கேக்கறேன். அதுவும் இந்த லட்சணத்துல!"

ஸ்பிரிங்கை நுழைத்து ஹோஸை மாட்டி முடித்ததும் என்னையும் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். அடையாறு பாலத்தில் வண்டி ஏறியபோது ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தார். முள் அசையவில்லை. எங்களுக்கு முன்னால், பானெட் தகரத்துக்கு அடியில், பம்ப் முழு பலத்தோடு உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஒரு கம்பிச் சுருள் அதற்கு வழிவிட்டு நின்றது. நான் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவருடைய பையில் போன் அடித்தது.

"உங்க புள்ளயா இருக்கும். எடுக்கவாம்மா?"

"ஓட்டறச்சே போன் பேசாதேம்பான். அடிக்கட்டும்" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் மிதித்தார்.