இணைச்சீருக்கு நிற்காத அக்கா

இடுப்பில் தொடங்கி இடது பாதம்வரை இறங்கிய நரம்பு வலியோடு, தம்பியின் கல்யாணத்துக்காகப் புதுச்சத்திரம் வந்திருந்தேன். இணைச்சீரின்போது கூறைச்சேலையும் கூடையும் ஏந்தி மாப்பிள்ளையின் அருகே உடன்பிறந்தவள் நிற்பது எங்கள் வழக்கம். பெற்றோர் இல்லாத அவனுக்கு நான் ஒருத்திதான்.

“பெரும்பாலோருக்கு இது சில மாதங்களில் தணிந்துவிடும், எப்போதாவது திரும்பலாம். பயந்து படுத்தே கிடக்காதீர்கள்” என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நான்தான் நம்பவில்லை.

“கூடைய நான் புடிச்சுக்கறேன். நீங்க சும்மா நில்லுங்க்கா” என்றான் தம்பி.

“உழுந்துட்டா ஊரே சிரிக்கும், சாமி. பெரியப்பா மக நிக்கட்டும்.”

“உழுந்தா நானும் கூடவே உழுவறேன். ரெண்டு பேருக்குஞ் சேத்துச் சிரிக்கட்டும்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மண்டபத்து அறையில் பாயை விரித்துப் படுத்துக்கொண்டேன். சீர் நடக்கும் மேளச் சத்தம் மட்டும் சுவரைக் கடந்து வந்தது.

மருத்துவர் சொன்னபடியே வலி தணிந்தது. எப்போதாவது திரும்பும்போது, நடமாடிக்கொண்டே அதைக் கடந்துவிடுகிறேன். தம்பி வீட்டுச் சுவரில் இணைச்சீர்ப் படம் மாட்டியிருக்கிறது. அதில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள். அவன் மட்டும், நான் படுத்திருந்த அறையின் பக்கம் திரும்பியிருக்கிறான்.