நூறு பவர் மாத்திரை

எனக்கு வந்திருப்பது சரவாங்கி. பேரைக் கேட்டால் ஏதோ சரம் சரமாகப் பூ வாங்கித் தலையில் வைக்கிறவள் மாதிரி இருக்கும். நான் வாங்கியது மூட்டுக்கு மூட்டு வலி. காலையில் எழுந்தால் விரல் பத்தும் என் பேச்சைக் கேட்காது. வெந்நீரில் கால் மணி நேரம் ஊறப்போட்ட பிறகுதான் ஒவ்வொன்றாக வேலைக்கு வரும். அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது தூக்கம் இல்லாமல் கிடப்பதுதான். புது மாத்திரை ஆரம்பித்து வலி பாதியாகக் குறைந்த அதே மாதம், தூக்கம் வீட்டை விட்டுப் போய்விட்டது.

இதில் கூத்து என்னவென்றால், நான் விற்பது நைட்டி. கோச்சடையில் இருந்து ஸ்கூட்டியில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாடிப்பட்டி, அலங்காநல்லூர் பக்கத்து ஊர்களுக்குப் போவேன். எங்கள் பக்கம் நைட்டி பகலில் போடுகிற உடுப்பு. மேலே ஒரு துண்டைப் போட்டால் ரேஷன் கடை வரைக்கும் செல்லும். அதனால் ராத்திரிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்வேன்.

தூக்கம் வரவில்லை என்று வாய் தவறிச் சொன்னால் போதும், ஊரே வைத்தியராகிவிடும். பால், கசகசா, உள்ளங்காலில் விளக்கெண்ணெய், எல்லாம் பார்த்தாச்சு. எங்கள் தெரு டீக்கடை அண்ணன் சொன்னதுதான் மனதில் நின்றது.

"தூக்கத்தை ரொம்பத் தாங்காதம்மா. வந்தா வா, வராட்டிப் போன்னு இருந்து பாரு. அதுவா வந்து காலைச் சுத்தும்."

நானும் மதிக்காமல் இருந்து பார்த்தேன். அது என்னை அதைவிட மதிக்கவில்லை.

அலங்காநல்லூரில் எனக்கு ஒரு வாடிக்கை அக்கா உண்டு. அவர் வீட்டுக் கூடத்தில்தான் கடை விரிப்பேன், அக்கம்பக்கத்துப் பெண்கள் அங்கே வந்துவிடுவார்கள். ஒரு நாள் பதினோரு மணிக்கு மூட்டையை அவிழ்த்து, "இது சாயம் போகாதுக்கா" என்று ஆரம்பித்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது மணி ஒன்று. நைட்டிக் குவியல் மேல் தலை, என் மேல் ஒரு நைட்டி. நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து குசுகுசுவென்று கலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சத்தம் போடாதீங்கடி, எந்திரிச்சிறப் போகுது" என்றார் அக்கா. "எனக்கு வர்ற தூக்கத்துல பாதியை இதுக்குக் குடுக்கலாம்னா, பிச்சுக் குடுக்க முடியலையே."

வீட்டுக்கு வந்து சிரிக்கச் சிரிக்க இதைச் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உக்காந்துக்கிட்டே தூங்குறவ, ஓட்டிக்கிட்டே தூங்க மாட்டேன்னு என்ன நிச்சயம்? ஒழுங்காத் தூங்கு, சாவி வாங்கிக்க."

நியாயம்தான். பதில் இல்லாத நியாயம் என்பதால் கோபம் அதிகமாக வந்தது. வண்டி போனால் என் தொழில் போச்சு. விரல் மடங்காதவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு எத்தனை பஸ் ஏறி இறங்க முடியும்? இருந்தும் வீம்புக்குப் போனேன். அலங்காநல்லூரில் இறங்க வேண்டியவள் மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிப் பாலமேட்டில் விழித்தேன். "மூட்டை முழிச்சுத்தான் இருந்துச்சும்மா, நீதான் இறங்கல" என்றார் கண்டக்டர்.

இத்தனைக்கும் நடுவில், மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க வேண்டும்தானே? சொல்லவில்லை. "எப்படிம்மா இருக்கீங்க?" என்று அவர் கேட்பார். யாராவது அப்படிக் கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று சொல்லித்தான் எனக்குப் பழக்கம். தெருவில் கேட்டாலும் அதுதான், ஆஸ்பத்திரியில் கேட்டாலும் அதுதான். மூன்று தடவை நல்லா இருந்துவிட்டு வந்தேன். அதே மாத்திரையை மூன்று தடவை எழுதிக் கொடுத்தார்.

நாலாவது தடவை வீட்டுக்காரரும் கூட வந்தார். வழியெல்லாம் பையில் சாவி கிலுங்கியது.

"எப்படிம்மா இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

வீட்டுக்காரர் சாவியை எடுத்து மேஜை மேல் வைத்தார். டாக்டரம்மா சாவியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "என்னது இது?"

"இவ தூக்கம் டாக்டர். எங்கிட்டதான் இருக்கு."

பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார், பாலமேடு உள்பட. டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"இந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை எப்பப் போடுறீங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான் டாக்டர், சாப்பாட்டுக்கு அப்புறம். ஒரு நாள்கூட வெறும் வயித்துல போட்டதில்ல."

"காலைச் சாப்பாடுதானே?"

எனக்கு அவர் கேட்டதே விளங்கவில்லை. "காலையில ஏது டாக்டர் சாப்பாடு? பலகாரம்ல."

எங்கள் வீட்டில் காலையில் இரண்டு இட்லி. அதை யாரும் சாப்பாடு என்று சொல்ல மாட்டோம். மதியம் போகிற ஊரில் டீயும் வடையும். ராத்திரி எட்டரைக்குச் சோறு வடித்துக் குழம்பு ஊற்றிச் சாப்பிடுவதுதான் சாப்பாடு. அதற்கப்புறம் பயபக்தியோடு மாத்திரை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "சீட்டுலயே தெளிவா எழுதியிருக்கேனேம்மா, 1-0-0ன்னு."

"அது நூறுன்னு நினைச்சேன். நூறு பவர்."

சொல்லும்போதே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் எல்லாம் நூறு பவர் மாத்திரை சாப்பிடுகிறேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொல்லி வைத்திருந்தேன். காலைக்கு ஒன்று, மதியத்துக்கு ஒன்றுமில்லை, ராத்திரிக்கு ஒன்றுமில்லை என்று அவர் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக் காட்டினார். இந்த மாத்திரை வலியை அடக்கும், கூடவே ஆளையும் உசுப்பிவிடும், அதனால்தான் காலையில். எட்டு மாதமாகப் படுக்கப் போகும் முன்னால் என்னை நானே உசுப்பிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

"இனிமே பலகாரத்துக்கு அப்புறம்" என்று சீட்டில் தமிழிலேயே எழுதிக் கொடுத்தார். "எப்படி இருக்கீங்கன்னு இனி நான் உங்க வீட்டுக்காரர்கிட்டத்தான் கேப்பேன்."

சாவி உடனே வரவில்லை. வீட்டுக்காரர் பத்து நாள் பரீட்சை வைத்தார். ராத்திரி "சாவி வேணுமா?" என்று மெதுவாகக் கேட்பாராம், பதில் வந்தால் நான் பெயில். மூன்று நாள் பெயிலானேன். நாலாவது நாளில் இருந்து பதில் இல்லை. இன்றைக்கும் மழைக்காலத்தில் முட்டி எழுப்பிவிடத்தான் செய்யும். ஆனால் எழுப்பினால் திரும்பிப் படுத்துத் தூங்க முடிகிறது.

பதினோராம் நாள் காலையில் சாவி ஆணியில் தொங்கியது. நேராக அலங்காநல்லூருக்கு விட்டேன். அக்கா என்னைப் பார்த்ததும் கூடத்தில் பாயை விரித்துத் தலையணையைப் போட்டார்.

"வேணாம்க்கா, இப்பல்லாம் வீட்லயே தூங்கிர்றேன்" என்று மூட்டையை அவிழ்த்தேன். "இது பாருங்க, சாயம் போகாது."

அக்கா முகம் சுருங்கிப்போனது. பக்கத்து வீட்டுக்காரி பக்கம் திரும்பி, "போச்சு போ" என்றார். "இனி நிம்மதியா ஒரு கலர் பாக்க முடியாது."